விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும்போது என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு இங்கே இருக்கும் தம்பி, "அம்மா, இது எதுக்கு? வானொலியில யாருக்கும் தெரியப் போறதில்லையே" என்றார். தெரியாதுதான். ஆனாலும் கையில் இரண்டு முழக் கயிறு இல்லாமல் எனக்குச் சாரணியர் பற்றிப் பேச வராது. சிலருக்குப் பேசும்போது விரல் நடுவே பேனா வேண்டும். சிலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். எனக்குக் கயிறு. அதனால் நடுவில் சரசரவென்று ஏதாவது சத்தம் கேட்டால் வானொலிப் பெட்டியைத் தட்டாதீர்கள். நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் சாரணியாக இருந்ததையும் முகாம்களுக்குப் போனதையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள். தாளில் ஐந்து விஷயம் குறித்து வந்திருக்கிறேன். முடிச்சு, கூடாரம், வழிக்குறி, முகாம் தீ, நட்சத்திரம். முடிச்சில் ஆரம்பித்தால் முடிச்சிலேயே நின்றுவிடுவாய் என்று என் பேத்தி எச்சரித்துத்தான் அனுப்பினாள். பார்ப்போம்.

இப்போது நாடா கட்டிய ஷூ போட்டிருப்பவர்கள் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் குனியலாம். முடிச்சுக்கு இரண்டு காது இருக்கும் இல்லையா? அந்த இரண்டு காதும் ஷூவுக்குக் குறுக்கே, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாகப் படுத்திருக்கின்றனவா? அப்படியானால் சரி. ஒரு காது விரல்களைப் பார்த்தும் இன்னொன்று கணுக்காலைப் பார்த்தும் நீளவாக்கில் திரும்பிக் கிடக்கிறதா? அப்படியானால் நீங்கள் கட்டியிருப்பது தப்பான முடிச்சு. நடக்க நடக்க அவிழும். ஒருநாளைக்கு மூன்று தடவை குனிந்து கட்டிக்கொண்டிருப்பீர்கள், நாடா சரியில்லை என்று நாடாவைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நாடாமேல் ஒரு தப்பும் இல்லை.

சரியான முடிச்சுக்கு ரீஃப் முடிச்சு என்று பெயர். முதலில் வலது முனை இடதின் மேல், அப்புறம் இடது முனை வலதின் மேல். அவ்வளவுதான். இரண்டு தடவையும் ஒரே கையை மேலே போட்டால் முடிச்சு முறுக்கிக்கொள்ளும், வழுக்கும். அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பாட்டி முடிச்சு. பாட்டியான பிறகு எனக்கு இந்தப் பெயர் பிடிப்பதில்லை. ஆனால் பெயர் அதுதான். உங்கள் நாடா நீளவாக்கில் கிடந்தால் முதல் சுற்றை மட்டும் மாற்றிப் போடுங்கள். வலதை இடதின் மேல் போடுகிறவர் இடதை வலதின் மேல் போடட்டும். காதுகளை எப்போதும் போலவே கட்டலாம். நாளையிலிருந்து குனிய வேண்டியதில்லை. இந்த உரையில் வேறு எதுவும் உங்களுக்குப் பயன்படாமல் போனாலும் இது பயன்படும்.

இதை நான் கற்றுக்கொண்டது சாரணியர் படையில் இல்லை. என் அண்ணனிடமிருந்து திருடினேன். அவன் சாரணன். கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் சுருட்டி மாட்டிய கயிறு, அப்படி ஒரு மிடுக்கோடு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவான். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் பள்ளியில் பெண்களுக்குப் படை கிடையாது. அவன் குளிக்கப் போகும் நேரத்தில் கயிற்றை எடுத்துக்கொள்வேன். நாற்காலிக் காலில் கட்டிப் பார்ப்பேன், கட்டில் காலில் கட்டிப் பார்ப்பேன். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த அவன் காலையே கட்டில் காலோடு கட்டிப் பார்த்தேன். காலையில் எழுந்தவன் இரண்டாவது அடியில் தரையில் கிடந்தான். வீட்டில் எனக்குக் கிடைத்தது கிடைத்தது. ஆனால் முடிச்சு அவிழவில்லை! அண்ணன் அடிபட்ட முழங்காலைத் தடவிக்கொண்டே அந்த முடிச்சை உட்கார்ந்து பார்த்தான். "யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டான். அன்றைக்குப் பிறகு அவனே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

பவுலைன் முடிச்சு அப்படி வந்ததுதான். உலகம் முழுக்கச் சாரணப் பிள்ளைகளுக்கு அதை ஒரு முயலை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கயிற்றில் ஒரு சின்ன வளையம், அதுதான் முயல் வளை. முயல் வளையிலிருந்து வெளியே வருகிறது, மரத்தைச் சுற்றுகிறது, யாரையோ பார்த்துப் பயந்து மறுபடி வளைக்குள்ளேயே போய்விடுகிறது. இழுத்தால் இறுகாத வளையம் ஒன்று கிடைக்கும். ஆளையே அதில் போட்டு மேலே தூக்கலாம்.

முடிச்சு பற்றி இன்னும் ஒன்றே ஒன்று. பேத்தி, நீ கேட்டுக்கொண்டிருந்தால் மன்னித்துவிடு. நல்ல முடிச்சு என்றால் சட்டென்று போட வர வேண்டும், பிடித்தால் விடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் சட்டென்று அவிழ வேண்டும். இறுகிப் போய் அவிழ்க்க வராததை நாங்கள் முடிச்சு என்றே ஒப்புக்கொள்ள மாட்டோம். அதற்குப் பெயர் சிக்கு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மழை ராத்திரியில் மறுபடி வரும்.

பெண்களுக்குப் படை கிடையாது என்று சொன்னேன். இந்த வருத்தம் என்னோடு தொடங்கியதில்லை. 1909 செப்டம்பரில் லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் என்ற இடத்தில் சாரணர்கள் பேரணி நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள். அவர்கள் நடுவே சில சிறுமிகள், கிடைத்ததை வைத்துச் சீருடை மாதிரி ஒன்றைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, நாங்களும் சாரணர்தான் என்று வந்து நின்றார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த வருடம், 1910-இல், தன் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் பெண்களுக்குத் தனி இயக்கத்தை ஏற்படுத்தினார். அழைப்பில்லாமல் வந்து நின்ற அந்தச் சிறுமிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அண்ணனுடைய கயிறு ஞாபகம் வரும்.

பேடன் பவல் ராணுவ அதிகாரி. ஆங்கில அரசுக்காக ஆப்பிரிக்காவில் போர் செய்தவர். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் அவர் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. 1899 முதல் 1900 வரை தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊர் 217 நாள் முற்றுகைக்குள் இருந்தது. ஆள் பற்றாக்குறை. அங்கிருந்த பையன்களை ஒரு படையாகச் சேர்த்துக் கடிதம் கொண்டுபோவது, செய்தி சொல்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். முதலில் கழுதைமேல் போனார்கள், அப்புறம் சைக்கிளில். முற்றுகை நடக்கும்போதே அந்த ஊரில் அச்சடித்த தபால்தலை ஒன்றில் அந்தப் பையன்களின் தலைவன் சைக்கிளோடு இருக்கிறான். ராணியின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன்! நிஜமான வேலையைக் கொடுத்தால் பிள்ளைகள் நிஜமாகவே செய்வார்கள் என்பதை அங்கேதான் அவர் பார்த்தார்.

1907 ஆகஸ்டில் பிரௌன்ஸி என்ற சின்னத் தீவில் ஏறக்குறைய 20 பையன்களை வைத்து முகாம் போட்டார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. நான்கு அணிகள். ஓநாய், காளை, அண்டங்காக்கை, அப்புறம் கர்லூ என்கிற நீர்ப்பறவை. காலையில் எழுப்புவதற்கு மணி இல்லை. குடு மானின் முறுக்கிய கொம்பை ஊதினார்கள். ஒவ்வொரு அணிக்கும் பிள்ளைகளிலேயே ஒருவன் தலைவன். ராத்திரிக் காவலுக்கும் அணி அணியாகத்தான் போனார்கள். சரி, வரலாறு போதும். என் கூடாரத்துக்கு வருகிறேன்.

எனக்குப் பதினொரு வயது ஆனபோது எங்கள் பள்ளிக்கும் படை வந்துவிட்டது. படையை நடத்துகிறவருக்குக் கேப்டன் என்று பெயர். நாங்கள் கூப்பிட்டதென்னவோ டீச்சர் என்றுதான். மெலிந்த உருவம், சத்தமே வராத குரல். விசில் மட்டும் காது கிழியும். எங்கள் அணிக்கு மரங்கொத்தி என்று பெயர், ஏழு பேர். எல்லோரிலும் சின்னவள் நான்.

முதல் முகாம், மூன்று ராத்திரி. மூட்டை கட்டும்போது அம்மா ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார், நான் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பேன். சுமந்துகொண்டு நடக்கப் போவது நான் அல்லவா? மூட்டையில் அடியில் வைத்தது முதலில் தேவைப்படும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. என் டார்ச் விளக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க எல்லாவற்றையும் புல்மேல் பரப்பினேன். பரப்பியதைப் பார்க்கத்தான் டார்ச் தேவைப்பட்டது.

ஒவ்வொருத்திக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். ஒருத்திக்குத் தண்ணீர், ஒருத்திக்கு விறகு, ஒருத்திக்கு முதலுதவிப் பெட்டி. எனக்குக் கயிறு. அண்ணன் புண்ணியத்தில் முடிச்சு தெரிந்தவள் என்பதால் கூடாரத்தின் கயிறுகள் என் கையில் வந்தன. பதினொரு வயதில் அதைவிடப் பெரிய பதவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போதைய கூடாரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்துக் கான்வாஸ் கூடாரத்தைச் சொன்னால்தான் புரியும். பருத்தித் துணி. தூக்கவே நான்கு பேர் வேண்டும். நடுவில் கம்பங்கள். சுற்றிலும் கயிறுகளை இழுத்து மண்ணில் முளை அடித்துக் கட்டுவோம். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், நேராக அடித்தால் பிடுங்கிக்கொள்ளும். அந்தத் துணிக்கு ஒரு குணம் உண்டு. மழையில் நனைந்ததும் நூல் ஊதி, இடுக்குகள் அடைபட்டுவிடும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உள்ளேயிருந்து யாராவது விரலால் தொட்டால் போச்சு. தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். தொடாதே என்றால் தொட்டுப் பார்க்காத பிள்ளை உலகத்தில் உண்டா? எங்கள் அணியில் ஒருத்தி தொட்டாள். பெயரைச் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

கயிற்றுக்கும் ஒரு குணம் உண்டு. நார்க்கயிறு, பருத்திக் கயிறு எதுவானாலும் நனைந்தால் பருக்கும். பருத்தால் நீளம் குறையும், இறுகும். அதனால் ராத்திரி படுக்கும் முன்னால் எல்லாக் கயிறுகளையும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பனியிலோ மழையிலோ இறுகினாலும் முளையைப் பிடுங்காது. நைலான் வந்த பிறகு கதை தலைகீழ். நைலான் நனைந்தால் தொய்யும். அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மழையில் எழுந்து கயிற்றை இறுக்குகிறார்கள். நாங்கள் மழைக்கு முன்னால் தளர்த்த வேண்டும். இதுதான் என் வேலை. ராத்திரி ஒரு சுற்று, எல்லாக் கயிறையும் தளர்த்துவது. இதற்குமேல் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் கூடாரப் பரிசோதனை நடந்தது. எங்கள் கூடாரம் மத்தளம் மாதிரி விறைப்பாக நின்றது. ஒரு சுருக்கம் கிடையாது. பத்துக்குப் பத்து மார்க். டீச்சர் கயிற்றை விரலால் சுண்டினார், டங் என்று சத்தம் வந்தது. "யார் கட்டினது?" என்று கேட்டார். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

ராத்திரி கயிறு தளர்த்தப் போனேன். நிலா வெளிச்சம். கூடாரம் அவ்வளவு அழகாக நிற்கிறது. முதல் கயிற்றைப் பிடித்தேன், விட்டுவிட்டேன். மனசு வரவில்லை. காலையில் இன்னொரு பரிசோதனை வேறு இருக்கிறது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இதற்கு எதற்குத் தளர்த்துவது? உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். "தளர்த்திட்டியா?" என்று அணித் தலைவி தூக்கத்தில் கேட்டாள். "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" இருக்கிறதே, இத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது எனக்குக் காது சுடுகிறது.

நடுராத்திரிக்கு மேல் மழை வந்தது. முதலில் தூறல், கேட்க இதமாக இருந்தது. அப்புறம் கொட்டியது. இருட்டில் விழித்துப் படுத்திருந்தேன். கயிறுகள் முனகுகிற சத்தம் கேட்டது. உண்மையாகவே முனகும். எழுந்து போகலாம், இப்போதாவது தளர்த்தலாம். ஆனால் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள், தளர்த்தவில்லை என்பது தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று படுத்திருந்தேன். டப் என்று ஒரு சத்தம், முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது. அடுத்தது. அப்புறம் எண்ணவில்லை. கம்பம் மெதுவாகச் சாய்ந்தது. நனைந்த கான்வாஸ் எங்கள் ஏழு பேர்மேலும் யானை மாதிரி வந்து உட்கார்ந்தது.

அலறல். யாரோ அழுகிறாள், யாரோ சிரிக்கிறாள். எங்கள் அணித் தலைவிக்கு அப்போது பதினான்கு வயது. துணிக்கு அடியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது: "யாரும் எழுந்திருக்காதீங்க. நம்பர் சொல்லுங்க." ஒன்று, இரண்டு, மூன்று... ஆறோடு நின்றுவிட்டது. ஏழாவது இல்லை. மறுபடி சொன்னோம், மறுபடியும் ஆறு. வயிற்றில் ஏதோ செய்தது. கையால் துழாவித் துழாவிப் பார்த்தால், ஏழாவது ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்! கூடாரம் மேலே விழுந்ததுகூடத் தெரியாமல் நல்ல தூக்கம். பெரியவளாகி அவள் மருத்துவமனையில் ராத்திரி வேலை பார்க்கிற நர்ஸ் ஆனாள் என்றால் நம்புவீர்களா?

ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தோம். வெளியே டீச்சர் மழைக்கோட்டோடு, கையில் அரிக்கேன் விளக்கோடு நின்றிருந்தார். அப்பாடா என்று இருந்தது. பெரியவங்க வந்தாச்சு, இனி எல்லாம் பார்த்துக்கொள்வார்.

"எத்தனை பேர்?" என்றார்.

"ஏழு டீச்சர்" என்றாள் தலைவி.

"யாருக்காவது அடி?"

"இல்ல டீச்சர்."

"சரி" என்றார். விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை, சொல்லவுமில்லை. நாங்கள் காத்திருந்தோம். அவரும் காத்திருந்தார். மழை கொட்டிக்கொண்டே இருந்தது. தலைவி அவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். என்னவோ புரிந்தவள் மாதிரி பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "ரெண்டு பேர் கம்பத்தைப் பிடிங்க. மத்தவங்க முளையைத் தேடுங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சுத்தியலைக் காணோம், கல்லால் அடித்தோம். ஈர மண்ணில் முளை நிற்கவில்லை, இடம் மாற்றி மாற்றி அடித்தோம். கயிறுகளை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். இங்கேதான் நான் முன்னே சொன்ன மூன்றாவது விஷயம் வருகிறது. மற்றவர்கள் கட்டிய முடிச்சுகள் ஈரத்திலும் பிடித்து இழுத்ததும் அவிழ்ந்தன. நான் கட்டியவை மட்டும் அவிழவில்லை. ஏனென்றால் நான்தான் பெரிய கெட்டிக்காரி ஆயிற்றே! சொல்லிக்கொடுத்ததற்கு மேலே, பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டு இறுக்கியிருந்தேன். நனைந்து பருத்துக் கல்லாகிவிட்டது. நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன். கடைசியில் தலைவி கத்தியை எடுத்து அறுத்தாள். கயிற்றை அறுப்பது எங்களுக்குப் பெரிய பாவம். ஒரு வார்த்தை பேசாமல் அறுத்தாள்.

கூடாரம் நின்றது, ஒரு பக்கம் கோணலாக. டீச்சர் கேட்டது ஒன்றுதான்: "கயிறு தளர்த்தியாச்சா?" "தளர்த்திட்டேன் டீச்சர்" என்றேன். இந்தத் தடவை உண்மை. யார் வேலை, ஏன் விழுந்தது என்று அவர் கேட்கவேயில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலைப் பரிசோதனையில் மூன்று மார்க். கம்பளிகளைக் காயப்போடும்போது தலைவியிடம் போய், "அக்கா, நேத்து நான் தளர்த்தல" என்றேன். "தெரியும்" என்றாள். அறுத்த கயிற்றின் இரண்டு துண்டையும் என் கையில் கொடுத்தாள். புரி பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிச் சேர்க்க வேண்டும். அன்றைக்குப் பகல் முழுக்க அதுதான் எனக்கு வேலை. இப்போது கையில் இருப்பது அந்தக் கயிறா என்று இங்கே தம்பி சைகையில் கேட்கிறார். இல்லை. அது படையின் சொத்து, எண்ணி ஒப்படைத்துவிட்டோம். இது கடையில் வாங்கியது.

டீச்சர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. கொட்டுகிற மழையில் ஏழு பிள்ளைகள் தவிக்கிறோம், ஒரு கை கொடுத்திருக்கக் கூடாதா? கம்பத்தையாவது பிடித்திருக்கலாமே? அம்மாவிடம் சொன்னேன், அம்மாவுக்கு என்னைவிடக் கோபம்.

பல வருடம் கழித்து நானே ஒரு படைக்குக் கேப்டன் ஆனேன். முதல் முகாமில் பத்து வயதுப் பெண் ஒருத்தி அடுப்பு பற்றவைக்கிறாள். விறகு ஈரம். ஈர விறகானாலும் பிளந்தால் நடுவில் காய்ந்திருக்கும், அதைச் சீவிச் சுள்ளியாக்கினால் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். அவள் பிளக்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறாள். கண்ணில் தண்ணீர். ஏழெட்டுத் தீக்குச்சி போய்விட்டது. எனக்குக் கை பரபரத்தது. ஒரு நிமிடம் பொறுத்தேன், இரண்டு நிமிடம் பொறுத்தேன். அப்புறம் "நகரு கண்ணு" என்று தீப்பெட்டியை வாங்கி நானே பற்றவைத்துவிட்டேன். நன்றாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கைதட்டவில்லை. அந்த முகாம் முடியும்வரை அவள் அடுப்புப் பக்கமே வரவில்லை, தண்ணீர் தூக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி படுத்திருக்கும்போதுதான் அந்த விளக்கு ஞாபகம் வந்தது. டீச்சர் சும்மா நிற்கவில்லை. நாங்கள் எந்த முளையை அடிக்கிறோமோ அந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தது. எங்கள் நிழல் எங்கள் கைமேலேயே விழாதபடி விளக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம், மழையில், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தது முளை மட்டும்தான். உள்ளுக்குள் அவருக்கும் கை பரபரத்திருக்கும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்குப் பரபரத்தபோது நான் தோற்றேன், அவர் தோற்கவில்லை.

அணி முறை என்று புத்தகங்களில் சொல்வார்கள். ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள், அவர்களிலேயே ஒரு தலைவர், அவர்களே முடிவெடுப்பது. கேட்க எளிது. பெரியவர்கள் சும்மா இருந்தால்தான் அது நடக்கும், அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பெற்றோர்கள் சிலர் என்னிடம், "முகாமில் பிள்ளைங்களுக்கு என்ன சொல்லித் தருவீங்க?" என்று கேட்பார்கள். சொல்லித் தருவதை வெளியூர் போகும் முன்பே சொல்லித் தந்துவிடுவோம், அங்கே போய் வாயைக் கட்டிக்கொண்டு விளக்குப் பிடிப்போம் என்பேன். ஏதோ தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரல் காட்டுகிறார்கள். மூன்றா? மூன்று நிமிடம்தான் இருக்கிறதாம். பேத்தி சொன்னது சரியாகப் போயிற்று.

வழிக்குறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல், குச்சி, புல் எதையாவது வைத்துத் தரையில் குறி போட்டுக்கொண்டே ஓர் அணி முன்னால் போகும், இன்னோர் அணி அதைப் பார்த்துப் பின்தொடரும். அம்புக்குறி என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இது வழியில்லை. வட்டம், நடுவில் ஒரு புள்ளி என்றால் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒருமுறை முன்னால் போன அணிக்குப் பசி வந்து, பாதி வழியிலேயே வட்டமும் புள்ளியும் போட்டுவிட்டு முகாமுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த வட்டத்தை ஒரு மாடு மிதித்துவிட்டது. நாங்கள் இரண்டு மணி நேரம் காட்டில் அலைந்தோம். பேடன் பவல் 1941-இல் கென்யாவில் காலமானார். நியேரி என்ற ஊரில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லில் அதே வட்டமும் புள்ளியும்தான் செதுக்கியிருக்கிறது. உலகம் முழுக்க எந்தச் சாரணப் பிள்ளை அங்கே போய் நின்றாலும் மொழி தெரியாமலே படித்துவிடும்.

நட்சத்திரம். சப்தரிஷி மண்டலம் தெரியுமில்லையா, அகப்பை மாதிரி இருக்குமே, அதன் காம்புக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களுக்குக் கோடு போட்டு, அந்தத் தூரத்தைப் போல ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். அதுதான் வடக்கு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இது உதவாது, அவர்களுக்குச் சிலுவை நட்சத்திரங்கள் உண்டு. அதை விளக்க இப்போது நேரமில்லை.

முகாம் தீ பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பாட்டு, நாடகம், முகம் சுடும் முதுகு குளிரும் என்பதெல்லாம். அதை விட்டுவிடுகிறேன். இன்றைக்கு யாராவது பிள்ளைகளோடு வெளியே தீ மூட்டப் போகிறீர்கள் என்றால், அணைக்கும் விதத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மண்ணைப் போட்டு மூடிவிட்டு வராதீர்கள், அடியில் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். அப்புறம் புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். கொஞ்சமாவது சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. அந்த வாளியைப் பிள்ளைகளே தூக்கி வரட்டும்.

விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.